ஞாயிறு இரவுக்குள் சொல்கிறேன்

வெள்ளிக்கிழமை தார்மோ அதை
ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துக் கொண்டுவந்தான்.
"வைத்துப் பார். பிடித்தால் தொண்ணூறு யூரோ.
பிடிக்காவிட்டால் காலுறையை மட்டும் வைத்துக்கொள்."

பிப்ரவரி.
தார்த்து நகரத்துப் பட்டாணித் தெருவில்
விறகு விலை ஏறிக் கிடக்கிறது.
தொண்ணூறு யூரோ என்றால் எனக்குப்
பதினெட்டு மூட்டை பிர்ச் விறகு.
அல்லது நகல் கடையில், பக்கம் ஐந்து சென்ட் வீதம்,
ஆயிரத்து எண்ணூறு பக்கங்கள்.
ஆய்வேட்டுக்காக இன்னும் நான் படிக்க வேண்டியது
அதைவிட அதிகம்.
எவ்வளவு அதிகம் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

நான் வெள்ளங்களைப் பற்றி எழுதுகிறவள்.
பனி உருகும் ஏப்ரலில் எமயுகி ஆறு
எந்த ஆண்டு எந்தப் படிக்கட்டு வரை ஏறியது,
யார் வீட்டு முட்டைக்கோஸ் பீப்பாய் மிதந்து போனது, இப்படி.

சனி காலை ஒரு நாவலைத் திறந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி கூசியது, திரை கூசவில்லை.
காகிதம்தான், சத்தியமாகக் காகிதம்.
ஆனால் நாவலுக்கா எனக்குப் பட்டம் தரப்போகிறார்கள்?

கட்டுரையைத் திறந்தேன்.
பக்கத்துக்கு இரண்டு பத்தி.
ஆறங்குலத்துக்குள் அடங்கமாட்டேன் என்றது.
பெரிதாக்கினால் வாக்கியத்தின் வால் வெளியே,
சிறிதாக்கினால் எறும்பு ஊர்வலம்.
அடிக்குறிப்பைத் தொட்டேன்,
நாற்பது பக்கம் தள்ளிப் போய் விழுந்தேன்.
அட்டவணை சரிந்து
1867-இன் வெள்ளம் 1931-இன் தலைமேல் ஏறி நின்றது.
பக்க எண் என்ன என்று கேட்டால்
முப்பத்தொரு சதவீதம் என்கிறது.
மேற்கோளுக்குக் கீழே நான் சதவீதம் போட்டால்
பேராசிரியர் மெய்லிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிப்பார்.
ஓரத்தில் எழுதலாமா? எழுதலாம், பேனா தனி விலை.
யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கடன் கேட்ட கதை.

"வேண்டாம்" என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.

ஏனென்றால் இரவு வந்தது, அடுப்பு அணைந்தது,
கம்பளிக்கு வெளியே ஒரு கை மட்டும் போதும் என்றிருந்தது அதற்கு.
அறுநூறு பக்க நூலகப் புத்தகம்
இரண்டு கைகளையும் மார்பையும் கேட்கும்.
இது ஒரு கட்டைவிரலைக் கேட்டது.
மின்னஞ்சல் வரவில்லை, யாரும் யாருக்கும் விருப்பம் தெரிவிக்கவில்லை.
அறுபத்து நான்கு பக்கம். கண் பூக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவனுடைய கோப்புகளைப் பார்த்தேன்.
கரிநிலப் பாசிகள். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்,
முந்நூற்றுத் தொண்ணூற்றாறின் பக்கத்தில்
"புதிது" என்ற புள்ளி இன்னும் இருந்தது.
ஒன்றின் ஓரத்தில்: மறுபடி படி.
அடுத்த பக்கத்தில்: மறுபடி படி.
அதற்கடுத்து: மதியம் என்ன சாப்பிடலாம்.
அங்கேயே கோடு நின்றது, வாக்கியத்தின் நடுவில்,
இரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் அக்டோபரில்.
இப்போது சவுனா அடுப்பு விற்கிறான்.
நன்றாகவே விற்கிறான்.

என் மேசையில் படிக்காத தாள்களுக்கு ஓர் உயரம் உண்டு.
காப்பி எடுக்கப் போகும்போது முழங்கை இடிக்கும்,
திட்டுகிற மாதிரி இருக்கும்.
இங்கே படித்ததும் படிக்காததும் சேர்த்து
இருநூறு கிராம்.
இது சலுகையா பொறியா என்று
ஞாயிறு பகல் முழுக்க யோசித்தேன்,
யோசித்தபடியே அடுப்பு மூட்டினேன்,
வழக்கம்போல், படித்து முடித்த கட்டுரைகளை வைத்து,
நான் கிறுக்கிய பக்கங்களை மட்டும் உருவிக்கொண்டு.

இரவு எழுதினேன்: "எழுபது. உன் கோப்புகளை அழிக்கட்டுமா?"

"எண்பது. அழி."
கொஞ்ச நேரம் கழித்து:
"அழிக்குமுன் ஒன்றை எனக்கு அனுப்பு."
"எதை?"
"திறக்காததில் எதையாவது."

எண்பது. பதினாறு மூட்டை.
காலுறையின் ஜோடியையும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.
அட்டவணைகளை நாளை நகல் கடையில்தான் எடுப்பேன்.
அடுப்புக்கும் ஏதாவது வேண்டும்.